கூப்பிடாத பந்தி

விடுமுறைக்கு வந்து வேங்கிக்கால் வீட்டில் பெட்டியை இறக்கி வைப்பதற்குள் கேள்வி வந்துவிடும். ஜெர்மனியில் என்னென்ன பார்த்தாய், எங்கெல்லாம் போனாய். போன வாரம் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த மாமியும் அதையேதான் கேட்டார். நான் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். மூன்று வருஷத்தில் நான் பார்த்தது இரண்டு மாடி நிறையக் கட்டில்கள், ஒரு டிராம் நிறுத்தம், அதற்குப் பக்கத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட். இதைச் சொன்னால் யாருக்கு ருசிக்கும்? அதனால் கைபேசியில் ஒரு பழைய ஊரின் படங்களைக் காட்டுவேன். கோட்டைச் சுவர், மணிக்கூண்டு, சட்டம் சட்டமாக மரம் பதித்த வீடுகள், ஜன்னல்தோறும் சிவப்புப் பூ. எல்லோரும் சினிமா செட் மாதிரி இருக்கிறது என்பார்கள். மாமியும் சொன்னார். அந்த ஊரில் எனக்கு நடந்தது அந்தப் படங்களில் இல்லை.

போன வருஷம் அக்டோபரில் அங்கே ஒரு நாள் போய் வந்தேன். அத்தா மௌத்தாகி அப்போது நான்கு மாதம். எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

அந்த நான்கு மாதத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அத்தாவுக்குத் திடீரென்று மூளையில் ரத்தக்கட்டு. ஆஸ்பத்திரியில் சேர்த்தவுடன் தொண்டையில் குழாய் போட்டுவிட்டார்கள். இரண்டு நாள் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் விடிகாலையில் போய்விட்டார். நான் ஜெர்மனியில் டிக்கெட் தேடிக்கொண்டிருந்தேன். இங்கே மாலைத் தொழுகைக்கு முன்பே அடக்கம் முடிந்துவிட்டது. எங்களில் யாருக்காகவும் மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, வைத்துக்கொண்டு காத்திருக்கும் வழக்கம் இல்லை. நான் ஊரிலேயே இருந்திருந்தாலும் பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை, வீட்டு வாசல் வரைக்கும்தான். எனக்கு அந்த வாசல்கூடக் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். அழுது ஓய்ந்த குரலில், "அத்தா கடைசியா உன் பேரத்தான் சொன்னாங்க" என்றான். நான் அழுதிருக்க வேண்டும். வேறு எந்தத் தங்கையும் அதைத்தான் செய்திருப்பாள். எனக்குள் இருந்த நர்ஸ் முந்திக்கொண்டாள். "தொண்டையில கொழா இருந்துச்சு. எப்படி பேசுவாங்க? யாருகிட்ட பொய் சொல்ற?" என்று கேட்டேன். அவன் போனை வைத்துவிட்டான்.

அதன் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அம்மா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்தவர்கள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருப்பது அது. அம்மாவின் எண்ணுக்குக் கூப்பிட்டால் சில சமயம் அண்ணன் எடுப்பான். ஒரு வார்த்தை பேசாமல் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுப்பான். அவன் மாடிப்படி ஏறுகிற சத்தம் மட்டும் எனக்குக் கேட்கும். நானும் பேசவில்லை. உண்மையைச் சொன்னவள் நான், நான் எதற்கு இறங்கி வர வேண்டும் என்ற திமிர். அந்தத் திமிரைத் தவிர அப்போது என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை.

வெளிநாட்டில் தனியாக இருப்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் அத்தா போன பிறகு வந்த தனிமை வேறு மாதிரி இருந்தது. வேலை நாட்களில் பரவாயில்லை, பெல் அடித்துக்கொண்டே இருக்கும், ஓடிக்கொண்டே இருப்பேன். லீவு நாட்களில் காலையிலிருந்து என் குரல் எனக்கே கேட்காது. சாயங்காலம் கடையில் பில் போடுகிறவரிடம் நன்றி சொல்ல வாயைத் திறந்தால் கரகரவென்று யாரோ ஒருத்தி பேசுவாள். ஒருநாள் அதைக் கேட்டு நானே சிரித்துவிட்டேன். பில் போட்டவர் பயந்துபோய் மீதிச் சில்லறையை மேசையிலேயே வைத்துவிட்டார்.

என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்த மலையாளி நர்ஸ்தான் இதற்கு வழி சொன்னாள். வியாழக்கிழமை இருவருக்கும் லீவு, ரயிலில் இரண்டு மணி நேரம், பார்க்க வேண்டிய ஊர், போய்விட்டு ராத்திரிக்குள் வந்துவிடலாம் என்றாள். எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போகலாம் என்று நான் சொன்னேன். வியாழக்கிழமை விடிந்ததும் அவளுடைய இல்லத்திலிருந்து போன், யாருக்கோ காய்ச்சல், அவள் டூட்டிக்கு வர வேண்டும். நீயாவது போ என்று சொல்லிவிட்டு ஓடினாள். போகாமல் படுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த அறையின் கூரையில் எத்தனை விரிசல் இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடமாகியிருந்ததால் கிளம்பினேன்.

இரண்டாவது ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சாதம் கட்டிய டப்பா சமையல் மேடையிலேயே இருப்பது ஞாபகம் வந்தது. அது இரண்டே பெட்டி உள்ள சின்ன ரயில். எதிர் இருக்கையில் ஒரு பெண், அவள் காலடியில் ஒரு நாய். வழியெல்லாம் அந்த நாய் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு வந்தது. வெளியே உழுது போட்ட வயல்கள், அதன் மேல் பனி. நம் பக்கத்தில் வேர்க்கடலை போடுகிற மல்லாட்டைக் கொல்லை மாதிரி சிவப்பு மண் இல்லை, கறுப்பாக ஈரமாக இருந்தது.

ஊர் அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கோட்டை வாசலில் நுழைந்ததும் கருங்கல் பாவிய தெரு மேட்டில் ஏறுகிறது. இருபக்கமும் கூர்கூரான ஓட்டு வீடுகள். அக்டோபரிலேயே கிறிஸ்துமஸ் பொம்மை விற்கிற கடைகள். குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போகும் வழிகாட்டிகள், அவர்கள் பின்னால் கூட்டம் கூட்டமாக ஆட்கள். நானும் படம் எடுத்தேன். என்னையும் சேர்த்து எடுக்க ஆள் இல்லாததால் எல்லாப் படத்திலும் ஊர் மட்டும்தான் இருக்கிறது.

ஆனால் எனக்கு அந்தக் கூட்டத்தோடு ஒட்டவில்லை. நான் திருவண்ணாமலைக்காரி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற வருகிற ஜனத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் தெருவைக் கடக்கவே பாடுபட வேண்டும். பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். அத்தாவுக்குச் செருப்புக் கடை, பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில். லட்சம் பேர் வெறுங்காலோடு நடக்கிற ஊரில் செருப்புக் கடை வைத்த புத்திசாலி என்று அம்மா கிண்டல் செய்வார். அத்தா அசரமாட்டார். பௌர்ணமிக்கு மறுநாள்தான் எங்கள் கடையில் வியாபாரம் ஜாஸ்தி. விட்ட இடத்தில் செருப்பைக் காணாதவர்கள் நேராக எங்களிடம்தான் வருவார்கள். பௌர்ணமி சாயங்காலம் கடை வாசலில் பெரிய டிரம்மில் தண்ணீரும் நாலைந்து டம்ளரும் வைப்பார் அத்தா. செருப்பைத் தொலைக்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே மரியாதை என்பார்.

அதனால் வெளியூர்க்காரர்களை உள்ளூர்க்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தெருவில் ஒரு பெண் காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் வீட்டு வாசலை மறைத்துக்கொண்டு பத்துப் பேர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் இருந்த பார்வையை நான் அம்மாவிடம் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. கைபேசியைப் பைக்குள் போட்டேன்.

பசி வேறு. சாப்பாட்டுக் கடைகளுக்கு முன்னால் நின்று விலைப்பலகையைப் படித்துவிட்டுப் படித்துவிட்டு நகர்ந்தேன். கண்ணாடி வழியே பார்த்தால் மேசைக்கு இரண்டு பேர், நான்கு பேர். ஒரு கடையில் துணிந்து கதவைத் திறந்தேன். பரிமாறுகிறவர் தூரத்திலிருந்தே ஒரு விரலைத் தூக்கி, ஒரு ஆளா என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. அந்த ஒரு விரலைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் கூட்டம் ஜாஸ்தியானால் பின்சந்துக்குள் புகுந்துவிடுவோம். எவ்வளவு பெரிய கூட்டமாக இருந்தாலும் அதற்கு இரண்டு தெரு பின்னால் யாராவது துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தப் பழக்கத்தில் கால் தானாகத் திரும்பியது. இரண்டு சந்து தாண்டியதும் சத்தம் அடங்கிவிட்டது. குப்பைத் தொட்டிகள், சைக்கிள்கள், ஒரு சின்ன சர்ச். மழை தூற ஆரம்பித்தது. சர்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு கூடம், கதவு திறந்திருந்தது. உள்ளே நீள நீளமான மேசைகள், வெள்ளை விரிப்பு, ஐம்பது அறுபது பேர். காப்பி வாசனை தெருவரை வந்தது. யாரோ சொன்னதற்கு நாலைந்து பேர் சிரித்தார்கள். வாசலில் நின்றிருந்த பருமனான ஒருவர் வருகிறவர்களின் குடைகளை வாங்கி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நனையாதீர்கள், உள்ளே வாருங்கள் என்று கதவை இன்னும் அகலமாகத் திறந்தார்.

இங்கேதான் நான் சுத்தமான திருவண்ணாமலைக்காரி ஆகிவிட்டேன். திறந்த கதவு, வரிசையாக மேசை, வாசலில் ஒருவர் வாங்க என்கிறார் என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், அன்னதானம். சர்ச்சில் மழைக்கு ஒதுங்குகிறவர்களுக்குச் சாப்பாடு போடுகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சிநேகிதிகளோடு எத்தனையோ பந்தியில் உட்கார்ந்து தொன்னை தொன்னையாகப் பொங்கல் சாப்பிட்டவள் நான். நீ யார், எந்த வீட்டுப் பெண் என்று யாரும் கேட்டதில்லை. இங்கேயும் கேட்கவில்லை. அது எனக்குச் சரியாகவே பட்டது.

காலியாக இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். குளிருக்கு நான் வாங்கியிருந்த ஒரே கோட் கறுப்பு, தலையில் சுற்றியிருந்த துணியும் கறுப்பு. அங்கிருந்த எல்லோரும் கறுப்பில்தான் இருந்தார்கள். குளிர் வந்துவிட்டால் அந்த நாட்டில் பாதிப் பேர் அப்படித்தான் நடப்பார்கள் என்பதால் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. ஒரு அம்மாள் கேட்காமலே காப்பி ஊற்றினார். பன்றிக்கறி வைத்த ரொட்டித் தட்டு வந்தது, அதை அடுத்தவருக்குத் தள்ளினேன். பிறகு வெண்ணெய் தடவிச் சர்க்கரை தூவிய தட்டையான கேக் வந்தது. வலது பக்கத்தில் இருந்த பெரியவர் பால் வேண்டுமா என்று கேட்டார். இடது பக்கத்துப் பெண்மணி மழையைத் திட்டினார், நானும் சேர்ந்து திட்டினேன். நான்கு மாதத்தில் முதல் தடவையாக இரண்டு பக்கமும் ஆள் இருக்க உட்கார்ந்து சாப்பிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது துண்டும் எடுத்துக்கொண்டேன்.

அதை வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் மூலையில் இருந்த சின்ன மேசை கண்ணில் பட்டது. ஒரு கிழவரின் படம், ஓரத்தில் கறுப்பு நாடா, முன்னால் ஒரு மெழுகுவத்தி.

எங்கள் வீட்டில் சாவு விழுந்தால் மூன்று நாள் அடுப்பு பற்றவைக்க மாட்டோம், அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவருவார்கள். இங்கே சாவு வீட்டுக்காரர்களே வந்தவர்களுக்குப் பரிமாறுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன், கையில் கேக்கோடு. யாரென்றே தெரியாத ஒருவரின் சாவுக்கு வந்து இரண்டு துண்டு தின்றிருக்கிறேன். சத்தமில்லாமல் எழுந்து போய்விடலாம் என்று நாற்காலியைத் தள்ளியபோது ஒரு பெண் என் முன்னால் வந்து நின்றார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், வெட்டிவிட்ட நரைத்த முடி. என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

தான் படத்தில் இருந்தவரின் மகள் என்றார். கனடாவில் இருக்கிறாராம், செய்தி கிடைத்து வந்து சேர இரண்டு நாள் ஆகிவிட்டதாம். அப்பா இருந்த முதியோர் இல்லத்தில் அன்று விடிகாலை டூட்டியில் இருந்தது ஒரு இந்திய நர்ஸ் என்று சொன்னார்களாம். நீங்கள் வந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்பா என்னைக் கேட்டாரா?"

கேட்டார் என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் வந்து நின்றது. நான் யோசிக்கவே இல்லை, தானாக வந்தது. அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. கஷ்டப்பட்டு அதை விழுங்கினேன். நான் அந்த நர்ஸ் இல்லை, ஊர் பார்க்க வந்தவள், கதவு திறந்திருந்தது, எல்லோருக்கும் சாப்பாடு போடுகிறீர்கள் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் திக்கித் திக்கிச் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் தட்டைப் பார்த்தார். என் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நீங்களும் நர்ஸா என்று கேட்டார். ஆமாம், வேறொரு ஊரில், இதே போன்ற இல்லத்தில் என்றேன்.

"அன்னைக்கு நீங்க அங்க இருந்திருந்தா, இப்ப என்ன சொல்லியிருப்பீங்க?"

"கேட்டார்னு சொல்லியிருப்பேன்."

அவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பாவுக்கு ஒரு வருஷமாக யாரையும் அடையாளம் தெரியாது, தனக்கு மகள் இருப்பதே ஞாபகம் இல்லை என்றார். அப்படியிருந்தும் தன் தம்பி போனில், அப்பா கடைசியில் உன்னைத்தான் கேட்டார் என்று சொன்னாராம். தம்பி என்று அவர் காட்டியது வாசலில் குடைகளை வாங்கி வைத்துக்கொண்டிருந்த ஆளை.

"பொய்யின்னு தெரியும். நன்றின்னு சொன்னேன். அவன்தானே அங்க தனியா நின்னுக்கிட்டு இருந்தான்."

எனக்கு எங்கேயாவது ஓடிப்போய்விட வேண்டும் போலிருந்தது. தெரிந்திருந்தும் பிறகு என்னை ஏன் கேட்டீர்கள் என்றேன், கொஞ்சம் கோபமாகவே வந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"இன்னொரு தடவை கேக்கணும்போல இருந்துச்சு" என்றார்.

கிளம்பும்போது காகிதத்தில் கேக்கைச் சுற்றிக் கையில் கொடுத்தார். வாசலில் அந்தத் தம்பி, எனக்குக் குடை இல்லை என்பது தெரியாமல், என் குடை எது என்று தேடிக்கொண்டிருந்தார். வந்ததற்கு நன்றி என்று என் கையையும் குலுக்கினார். அவர் கை சில்லென்று இருந்தது. மதியத்திலிருந்து அந்தத் திறந்த கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஸ்டேஷனில் அடுத்த ரயிலுக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. பிளாட்பாரத்தில் நான் மட்டும்தான். இந்த நான்கு மாதத்தில் அத்தாவைப் பற்றி யோசித்திருக்கிறேன், என்னைப் பற்றி ரொம்பவே யோசித்திருக்கிறேன். அந்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் யார் இருந்தது, மருந்துச் சீட்டோடு யார் ஓடியது, விடிகாலையில் டாக்டர் வெளியே வந்து யாரிடம் சொன்னார் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. அம்மாவின் எண்ணை விட்டுவிட்டு அண்ணனின் எண்ணைத் தேடிக் கூப்பிட்டேன்.

எடுத்ததும் ஒரே இரைச்சல். ஜனங்களின் பேச்சு, அரோகரா, டம்ளர்கள் இடிபடும் சத்தம். அன்று பௌர்ணமி என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அத்தாவின் டிரம்மை அண்ணன் எடுத்து வைக்காமல் விடவில்லை என்பதும்.

"சொல்லு" என்றான்.

அவன் நன்றாக இருக்கிறானா, அம்மா சாப்பிட்டாரா என்றெல்லாம் கேட்டிருக்கலாம். எனக்கு அதெல்லாம் வரவில்லை.

"அத்தா கடைசியா என்ன சொன்னாங்க?" என்றேன்.

யாரோ தண்ணீர் கேட்டார்கள், எடுத்துக்குங்க என்று அவர்களிடம் சொன்னான். பிறகு ரொம்ப அலுத்துப்போன குரலில் என்னிடம் சொன்னான்.

"ஒண்ணும் சொல்லல. கொழா இருந்துச்சுல்ல. நீ சொன்னதுதான் கரெக்ட்."

நான்கு மாதமாக நான் காத்துக்கொண்டிருந்தது அந்த வார்த்தைக்குத்தான். வந்து சேர்ந்ததும் எனக்கு அது வேண்டாம் என்றிருந்தது.

"அது வேணாண்ணா. மொதல்ல சொன்னியே, அத சொல்லு."

டம்ளர் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போயிற்று. கடைக்குள்ளே போகிறான் என்று தெரிந்தது. மூக்கை உறிஞ்சினான்.

"உன் பேரத்தான் சொன்னாங்க."

"சரி" என்றேன். "இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னான்.